அவசரப் பொத்தான்

முன்வாசலில் இரண்டு வாழை மரங்களைக் கட்டி, நடுவே பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் வைத்துக்கொண்டு பட்டுச் சேலைப் பெண்கள் நின்றிருந்தார்கள். புவனேஸ்வரன் அந்தப் பக்கமே போகவில்லை. வேனைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, சமையல்கட்டு வழியாக ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு மாடி மண்டபத்துக்குள் வந்தான். சாம்பார் கொதிக்கும் ஆவியில் கண்ணாடி மங்கியது. அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

சந்தனம் தொட்டுக்கொள்ள அவனுக்கு இப்போது உரிமை இல்லை. அப்பா இறந்து, பதினாறாம் நாள் காரியம் இன்னும் ஆகவில்லை. தீட்டுக்காரன். தீட்டுக்காரன் கல்யாண மண்டபத்தின் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று பினாங்குத் தமிழர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், மாப்பிள்ளைக்கு வேலை போனாலும், அன்று டிஜேக்காரன் தீட்டோடு வந்தானே என்றுதான் பேச்சு போகும். பேச்சுக்கூடப் பெரிதில்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணின் நல்ல நாளில் தான் கறையாக வந்து உட்காரலாமா என்ற கேள்வி மண்டபம் இருந்த கெலுகோர் வரும்வரை வேனில் அவன் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது.

அதனால் தனக்குத்தானே சில விதிகளைப் போட்டுக்கொண்டான். முன்வாசல் வழியே போவதில்லை. மேடை ஏறுவதில்லை. மாப்பிள்ளை பெண்ணுக்கு எதிரே நிற்பதில்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுவந்திருந்தான். இப்படிச் சுற்றிலும் வேலி போட்டுக்கொண்டால், அங்கே இருந்தும் இல்லாதவன் மாதிரி என்று ஒரு கணக்கு. கணக்கு உதைக்கிறது என்பது அவனுக்கே தெரியும்.

"அண்ணே, தொப்பிய இன்னும் கொஞ்சம் முன்னால இழுங்க," என்றான் கார்த்திகன். வார நாட்களில் வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களில் மைக் பிடிப்பவன். யாழ்ப்பாணத்து வம்சாவளி. வீட்டில் ஒரு தமிழ், மைக்கில் ஒரு தமிழ், கூட்டாளிகளிடம் ஒரு தமிழ் என்று மூன்று வைத்திருந்தான்.

"மொட்டைய மறைக்கலாம். மழிச்ச மீசைக்கு என்ன பண்றது?"

"யாராச்சும் கேட்டா கொரியா ஸ்டைல்னு சொல்லிருவோம்."

"நாப்பத்தஞ்சு வயசுல கொரியாவா?"

"டிஜேக்கு ஏதுண்ணே வயசு. உங்க மூஞ்சிய ஒருத்தனும் பாக்க மாட்டான்லா. சவுண்டு சரியில்லன்னாதான் திரும்பிப் பாப்பான்."

கார்த்திகன் சாவுக்கு வந்திருந்தவன். மாற்று ஆள் தேடி இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்ததும் அவன்தான். ஆடி பிறப்பதற்குமுன் கடைசி முகூர்த்த ஞாயிறு. பினாங்கிலிருந்து ஈப்போ வரை சும்மா இருந்த டிஜே ஒருவனும் இல்லை. போன வருடமே பேசி வைத்த கல்யாணம். பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று கார்த்திகன் கேட்டான். சொன்னால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. தெரிந்தே தீட்டை உள்ளே விட்டவர்கள் ஆவார்கள். தெரியாமல் இருப்பதே மேல் என்று புவனேஸ்வரன் சொன்னான். சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் ஆள் கிடைக்காதது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவன் கார்த்திகனிடம் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

சின்னையா, அவன் அப்பா, ஓய்வு பெறும்வரை எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்தவர். காலையில் பஸ் இறங்கி வருவார், குளிப்பார், அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அதன் பிறகு பாயான் பாருவில் இருந்த அந்த வீடு பேசாது. அம்மா அரிசி களைவதுகூடத் தண்ணீரை மெல்ல விட்டுத்தான். தங்கை குமுதா பாடத்தை வாய்க்குள் படித்தாள். புவனேஸ்வரன் பாட்டுப் பைத்தியமானது ஹெட்போனுக்குள். ஒரு பாட்டின் தாளத்தை இன்னொரு பாட்டின் தாளத்தோடு பொருத்தக் கற்றுக்கொண்டதும், முதல் முறை அது பொருந்தி மயிர்க்கால் சிலிர்த்ததும், சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாத வீட்டில்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு பையன் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

பிறகு அவனும் இரவுக்காரனானான். அப்பர் பினாங் ரோட்டில் கிளப்புகள், ஹோட்டல் மொட்டை மாடியில் சுற்றுலாக்காரர்களுக்கான பார், வார இறுதியில் கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி விருந்து. விடிகாலையில் காது இரையும்படி வீடு திரும்பினால் அப்பா விழித்திருப்பார். ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. உடம்பு அந்த ஷிப்டை விடவில்லை. இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றுவார். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குடிப்பார்கள். அம்மா போன பிறகும், குமுதா கல்யாணமாகிப் போன பிறகும், அதுதான் அந்த வீட்டின் வழக்கம். என்ன பாட்டுப் போட்டாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்று இவனுக்கும் தோன்றியதில்லை. விடிந்ததும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள்.

இப்போது அப்பாவின் அறைக் கதவு பகலெல்லாம் திறந்து கிடக்கிறது. உள்ளே படமும் விளக்கும். வந்த சொந்தங்கள் எல்லாம் போய்விட்டார்கள். அந்த வீட்டில் பகலில் மெல்ல நடக்க இனிக் காரணமே இல்லை. ஆனாலும் அவன் மெல்லத்தான் நடந்தான். யாருக்காக என்று தெரியாத அமைதி. அதைவிட ஐந்நூறு பேர் இரைச்சல் தேவலை என்றுதான் வேனை எடுத்தான்.

மதிய விருந்து. கோயிலில் காலையிலேயே தாலி கட்டியாகிவிட்டது; இங்கே வரவேற்பும் சாப்பாடும். விருந்தினர் வந்து உட்கார்ந்து வெகுநேரமாகியும் பெண் ஒப்பனை அறையை விட்டு வரவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், தூணை ஒட்டி மேசை போட்டு, லேப்டாப்பையும் அதோடு இணைந்த பெட்டியையும் விரித்து, மெல்லிய நாதஸ்வர இசையை ஓடவிட்டிருந்தான் புவனேஸ்வரன். பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தான். அதன்மேல் சிவப்பு ஒட்டுத்தாள். அவன் அதற்கு அவசரப் பொத்தான் என்று பேர் வைத்திருந்தான். இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம் சத்தம் அறுந்து போவது. பாட்டு தடைப்படும், வயர் கழலும், மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்பார், மண்டபம் மொத்தமும் திரும்பி டிஜேயைப் பார்க்கும். அந்த நேரத்தில் யோசிக்காமல் சிவப்பை அமுக்கினால் போதும். மங்களமாக ஒரு தவில் துண்டு எழுந்து இடைவெளியை மூடிவிடும். பல வருடப் பழக்கம். மனம் தடுமாறும்முன் விரல் அங்கே போய்விடும்.

"பொண்ணு இன்னும் மேக்கப்லதான் இருக்கு," என்று வந்து சொன்னான் கார்த்திகன். "இப்ப பாங்கு வேற வந்துரும். முடிச்சிட்டே கூப்பிடுவோமா?"

"முடியட்டும். அப்புறம் கூப்பிடு."

இரண்டு தெரு தள்ளிப் பள்ளிவாசல். பாங்கு கேட்டால் பாட்டை நிறுத்துவது இந்த ஊரில் பழகிப்போன ஒன்று. கோயில் தேர் வரும்போதுகூட மேளக்காரர்கள் அந்த நேரம் குச்சியைத் தாழ்த்திக்கொள்வார்கள். முதல் அழைப்பு ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்ததும் அவன் ஒலியை மெல்ல இறக்கி அடைத்தான்.

மண்டபம் தணிந்தது. கரண்டி ஒன்று தட்டில் உரசியது. ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கி நிறுத்தியது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இப்போதுதான் கேட்டது. அவன் தொழிலில் யாரும் குறை சொல்லாத ஒரே அமைதி இது. எத்தனையோ நூறு கல்யாணத்தில் இந்த நேரத்தில் அவன் அடுத்த பாட்டைத் தேடியிருக்கிறான், வயரைச் சரி பார்த்திருக்கிறான். இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாங்கு சொல்பவரின் குரல் ஒவ்வொரு வரிக்கும் நடுவே மூச்செடுக்க நின்றது. அந்த இடைவெளிகளில் பாயான் பாரு வீட்டின் பகல் இருந்தது. சாத்திய கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாங்கு முடிந்தது அவனுக்குத் தெரியவில்லை. கார்த்திகன் மைக்கில் மணமக்களை அழைத்ததும் தெரியவில்லை. கதவு திறந்தது. கார்த்திகன் கையைத் தூக்கிக் காட்டினான், மறுபடியும் காட்டினான். மண்டபம் மொத்தமும் திரும்பியது. புவனேஸ்வரன் திடுக்கிட்டு நிமிர்ந்தபோது விரல் தானாகப் போய்ச் சிவப்பை அமுக்கியிருந்தது.

தவில் வரவில்லை. தம்புராவின் நீண்ட ரீங்காரம் எழுந்தது. அதன்மேல் ஒரு ஓதுவாரின் குரல், கனத்து, அவசரமில்லாமல், நான்கு பெரிய ஸ்பீக்கர்களிலும் நிறைந்து ஏறியது. சாவு வீட்டுப் பதிகம். பாடையைத் தூக்கும்வரை வாசலில் ஓடுமே, அதே பதிவு. அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் எத்தனையோ வாசல்களில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டது.

அவனுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. அப்பா கிடந்த அன்று வீட்டில் இந்தப் பெட்டியைத்தான் விரித்து வைத்தான். அவன் சடங்குக்குப் போக வேண்டியிருந்ததால், பாட்டு நின்றால் இந்தச் சிவப்பை அமுக்கு, வேறு எதையும் தொடாதே என்று குமுதாவிடம் சொல்லி, பதிகத்தை அதில் ஏற்றி வைத்தான். அவளும் அழுதுகொண்டே அமுக்கிக்கொண்டிருந்தாள். திரும்ப மாற்றவில்லை. மறந்துவிட்டான்.

பதிகத்தை அறுத்தான். வரவேற்புப் பாட்டை முழு வேகத்தில் திறந்தான். மேளமும் குலவையுமாக அது பாய, மணமக்கள் உள்ளே நடந்தார்கள். முதல் வரிசையில் ஒரு கிழவர் தன்னையறியாமல் கூப்பிய கையை அப்படியே பிரித்துக் கைதட்டலாக மாற்றிக்கொண்டார். ஒரு மேசையில் தலைகள் கூடின.

"ஈசன் அருளோட ஆரம்பிக்கிறோம், எல்லாரும் பலமா ஒரு கைதட்டு," என்று மைக்கில் சமாளித்தான் கார்த்திகன். அவன் நெற்றியில் வியர்வை.

மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் மேசையருகே வந்து கட்டை விரலை உயர்த்தினான். "இண்ட்ரோ செம, ப்ரோ. யாரோட ரீமிக்ஸ்?"

புவனேஸ்வரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை வேலையை விடவில்லை. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை நடந்தும் விரல்கள் அடுத்த பாட்டின் தாளத்தைச் சரியாகப் பொருத்திக்கொண்டிருந்தன.

சாப்பாடு பரிமாற ஆரம்பித்த பிறகு அந்த அம்மாள் வந்தார். சந்தன நிறச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். பெண்ணின் அப்பாவுக்கு அக்காள். புஷ்பவள்ளி என்று கார்த்திகன் முன்பே காட்டியிருந்தான். மேசைகளுக்கு நடுவே அவசரப்படாமல் நடந்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவன் மேலுதட்டைப் பார்த்தார்.

"தம்பி, தொப்பியக் கழட்டு."

அவன் கழற்றினான்.

"யாரு?"

"அப்பா."

"காரியம் ஆயிருச்சா?"

"இல்லக்கா. இன்னும் நாள் இருக்கு."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் திரும்பி மேடையைப் பார்த்தார். அங்கே மாலையும் கழுத்துமாகப் பெண் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது பேரு பிரமிளா. என் தம்பி மவ. அவங்கம்மா வேலைக்குப் போனப்ப நான் தூக்கி வளத்த புள்ள. நான் மேடைக்கு ஏறினேனா, பாத்தியா நீ?"

"பாக்கல."

"ஏறல. காலைல கோயில்லயும் தூணுக்குப் பின்னால நின்னுதான் அட்சதை போட்டேன். புருஷன் செத்த நாள்லேருந்து இப்படித்தான். யாரும் என்னைப் போகாதன்னு சொல்லல. வா வான்னுதான் கூப்புடுறாளுங்க. நான் போகல. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நான் ஒதுங்கி நிக்கிறேன். நீ என்னடான்னா நட்டநடுவுல தொப்பியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

குரல் உயரவே இல்லை. பக்கத்து மேசையில் பிரியாணிக்கு ரசம் ஊற்றலாமா என்று யாரோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நான் கெளம்பிடறேன்க்கா."

"கெளம்பிட்டா? பாட்ட யாரு போடுவா, உங்கப்பா வருவாரா?"

சொன்ன பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தது அவன் கைதான்.

"மன்னிச்சுக்க," என்றார் புஷ்பவள்ளி. பிறகு, "வயர் எவ்ளோ நீளம் இருக்கு?"

"என்ன?"

"உன் வயருப்பா. இந்தப் பொட்டிலேருந்து வெளிய வரைக்கும் இழுக்க முடியுமா? வாசப்படிக்கு அந்தப் பக்கம் உக்காந்து போடு. தீட்டுக்காரன் தெருவுல நின்னா யாரு என்ன சொல்லப் போறா. பாட்டு உள்ள வரட்டும். பாட்டுக்கு என்ன தீட்டு?"

தெருக்கூத்து மாதிரி இருக்கிறதே என்று கார்த்திகன் முணுமுணுத்தான். ஆனாலும் மைக்கோடு மேசை மேசையாகப் போய், யார் அதிக தூரத்திலிருந்து வந்தவர், யாருக்கு அதிகப் பேரப்பிள்ளை என்று கேட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், புவனேஸ்வரன் திறந்தவெளி விருந்துகளுக்கு வைத்திருந்த நீள வயரை உருளையிலிருந்து பிரித்துச் சுவரோரமாக ஓட்டினான். பெட்டியையும் மேசையையும் பக்கக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான். வாசற்படியைத் தாண்டி வயர் மட்டும் உள்ளே போயிற்று.

வெளியே ஒரு நடைவழி. ஒரு பக்கம் கழிவறை, மறுபக்கம் அடுக்கிய சிவப்பு நாற்காலிகள், கீழே கார் நிறுத்தம். தகரக் கூரையிலிருந்து இறங்கும் வெக்கை. தொலைவில் பாலமும் ஒரு கீற்றுக் கடலும். கதவை முக்கால்வாசி சாத்திவிட்டார் புஷ்பவள்ளி. மேடை தெரியவில்லை. மண்டபத்தில் யாருடைய முகமும் தெரியவில்லை. போன் மட்டும் மினுக்கியது. கார்த்திகன் உள்ளிருந்து அனுப்பிக்கொண்டிருந்தான்: கேக் வெட்டப் போறாங்க. வெட்டியாச்சு. மாப்பிள்ளை அப்பா பேசறாரு, கொறச்சுக்குங்க. இன்னும் பேசறாரு. இன்னும்.

அவன் பாட்டை அனுப்பினான். அது வயர் வழியே உள்ளே போய், ஸ்பீக்கரில் ஏறி, ஐந்நூறு பேரைச் சுற்றிவிட்டுக் கதவு இடுக்கு வழியாகத் திரும்பி வந்தபோது வேறு ஏதோவாக இருந்தது. வார்த்தைகளெல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தன. அடியில் துடிக்கும் தாளம் மட்டும், பக்கத்து வீட்டுச் சத்தம்போல, மரக் கதவைத் தட்டியது.

இத்தனை வருடத்தில் தன் பாட்டை அவன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதே இல்லை.

ஹெட்போன் மாட்டியிருந்தாலும் சத்தம் கசியும். அந்த வயதில் அது தெரியவில்லை. முதல் ஸ்பீக்கர் வாங்கிய நாளில், பகலில், ஆசை தாளாமல் மெல்லப் போட்டான். அப்பாவின் அறைக் கதவு திறந்தது. கைலியோடு நின்றார். கண்கள் சிவந்திருந்தன. அடி விழும் என்று நினைத்தான். அவர் ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். அவன் உடனே நிறுத்திவிட்டான். நிறுத்தச் சொல்லித்தான் வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா என்று கேட்டிருக்கலாம். விடிகாலைக் காப்பி எத்தனை ஆயிரம் கோப்பை. ஒன்றிலாவது கேட்டிருக்கலாம்.

கதவு கொஞ்சம் திறந்தது. புஷ்பவள்ளி ஒரு நாற்காலியை இழுத்து வந்து, வாசற்படிக்கு உள்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அவன் வெளிப்பக்கம். நடுவே வயர்.

"பசியாறினியா?"

"வீட்டுல சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. ஆனா நீ இங்க சாப்பிடக் கூடாது. வூட்டுக்குப் போயிச் சாப்பிடு." காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "உங்கப்பா என்ன வேலை?"

"பேக்டரி. நைட் ஷிப்டு."

"எந்தப் பக்கம்?"

"பாயான் லெப்பாஸ்."

"நானும் அங்கதான் கெடந்தேன், ரிட்டயர் ஆவற வரைக்கும். நைட்டுதான். நைட்டுக்குக் கூடக் காசு." அவர் சிரித்தார், மூச்சு மட்டும். "பகல்ல தூங்கறது இருக்கே, அது ஒரு நரகம். கண்ண மூடுனா மீன்காரன் வருவான். எதிர்வீட்டுல ஒருத்தன் கிட்டார் கத்துக்கிட்டான், தடியன். ஒரே பாட்டு, ரெண்டு வருஷம். கடைசி வரைக்கும் அவனுக்கு வரவே இல்ல."

"எங்க வீட்டுல சத்தமே இருக்காது."

"அதுவும் கஷ்டம்தான். ரொம்ப அமைதியா இருந்தாலும் தூக்கம் வராது. எல்லாரும் நமக்காக மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு தெரியும்ல. பாவமா இருக்கும். எந்திரிச்சு வந்து, சத்தம் போடுங்கடான்னு சொல்லணும்போல இருக்கும். ஆனா எந்திரிச்சா தூக்கம் போயிரும். மறுபடி படுத்துருவேன்."

அவன் அவரைப் பார்த்தான். அவர் மண்டபத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். அலைகளாக ஓடும் பாட்டு கலங்கித் தெரிந்தது. தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெக்கைக்கு எல்லாரும் துடைப்பதுதான்.

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அவனுக்கு அந்தப் பேசாமை பழகிய விடிகாலைக் காப்பி மேசைபோல இருந்தது.

போன் மினுக்கியது. போட்டோ முடிஞ்சிருச்சு. கெளம்பறாங்க. வழியனுப்புற பாட்டு.

புவனேஸ்வரன் அந்தப் பாட்டைத் திறந்துவிட்டான். எல்லாக் கல்யாணத்திலும் கடைசியாக வைத்திருப்பது. மெல்ல ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கும். அது ஓடுவதற்குள் அடுத்ததை ஏற்றிவிட வேண்டும். சனம் கலைந்து, கடைசி மேசை காலியாகும்வரை சத்தம் அறுந்துவிடக் கூடாது.

புஷ்பவள்ளி எழுந்து எட்டிப் பார்த்தார். "முன்னால கார் நிக்கிற எடத்துக்கு இந்த வழியாத்தான் வராங்க. முன்படி இந்த நடைவழியிலதான இருக்கு. நீ பின்படி வழியா கீழ போயிடு தம்பி. அந்தப் புள்ள எதிர்ல நிக்காத."

"பாட்டு?"

"ஓடுதுல்ல?"

"முடிஞ்சிரும்க்கா."

"முடியட்டுமே."

பெட்டியைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் ஓடும் பாட்டை விட்டுவிட்டு அவன் எழுந்து போனதில்லை. சிறுநீரை அடக்கியிருக்கிறான், காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறான். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று, வீட்டுக்கு வந்திருந்த குமுதா அழைத்த இரவில்கூட, கிளப்பில் அடுத்த ஆள் வந்து ஏறும்வரை, இரண்டு பாட்டுக்கு நின்றிருந்தான். அந்த இரண்டு பாட்டுகள் என்னவென்று அவனுக்கு நினைவில்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டு பின்படியில் இறங்கினான்.

வேனுக்குப் பக்கத்தில், சுவரோரம், கொஞ்சம் நிழல் இருந்தது. சமையல்காரர்கள் கழுவி ஊற்றிய தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாட்டு உச்சிக்கு ஏறியது. நடைவழியில் காலடிகள், கொலுசு, யாரோ அழுவது, யாரோ அழுகையைக் கேலி செய்வது. "அத்த, நீயும் வா," என்றது ஒரு பெண் குரல். "அத்த, கார் வரைக்குமாச்சும் வா." புஷ்பவள்ளி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. காலடிகள் முன்பக்கம் இறங்கின. அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் பின்தங்கி, நிதானமாக இறங்கியது.

பாட்டு இறங்கத் தொடங்கியது. அவனுக்கு அது எந்த இடத்தில் தேயும், எந்த இடத்தில் மேளம் விலகும், கடைசியில் எந்த ஒரு நரம்பு தனியாக நின்று அடங்கும் என்று எல்லாம் தெரியும். வலது கை விரல்கள் தொடையில் தட்டின. பொத்தானைத் தேடின. அவன் அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

நரம்பு அடங்கியது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு ஹார்ன். பிறகு ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. "அண்ணே, எங்க இருக்கீங்க? பாட்டு முடிஞ்சிருச்சு."

"தெரியும்."

"உள்ள இன்னும் ஆளுங்க இருக்காங்கண்ணே. என்ன போடறதுன்னு சொல்லுங்க, நான் போடறேன். இந்தச் செவப்ப அமுக்கவா?"

"அமுக்காத."

"அப்ப என்னதான் போட?"

மேலே சாத்தாத கதவு வழியாக நாற்காலிகளை இழுக்கும் சத்தம் வந்தது. தட்டுகளை அடுக்குகிறார்கள். மதியம் சாய்ந்துகொண்டிருந்தது; அப்பா ஆழ்ந்து தூங்கும் நேரம்.

"ஒண்ணும் போடாத," என்றான். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."